பேர் வைக்காத நண்டு

அது நண்டு சார். பயப்படாதீங்க, செத்துப் பதினோரு வருசம் ஆச்சு. காலை நல்லா நீட்டி உக்காருங்க, ஒண்ணும் செய்யாது. வாடை அடிக்கா? அது ஸ்பிரிட்டு. ரயில்ல கொண்டுபோணும்லா, அதான் ஸ்பிரிட்டை வடிச்சிட்டு ஈரப் பஞ்சுல சுத்திக் குப்பிக்குள்ள வச்சிருக்கேன். மூடி இறுக்கமாத்தான் இருக்கு.

சாப்பிடுத நண்டு இல்ல. கட்டைவிரல் நகம் பெருசுதான் இருக்கும். முதுகுல பாருங்க, வெள்ளையா ரெண்டு பொட்டு தெரியுதா? உப்பளத்துப் பொம்பளையள் இதைப் பொட்டு நண்டும்பாவ. ஓடையில தூர் வாரும்போது அள்ளிக் கரையில வீசுவாவ. அந்தக் குப்பையில இருந்து ஒண்ணைப் பொறுக்கி, இது உலகத்துல எவனும் எழுதாத நண்டுன்னு கண்டுபிடிச்சது யாருன்னு நினைக்கிய? இந்தா, உங்க முன்னாடி உக்காந்திருக்கேன்லா, நான்தான்.

நீங்க பேட்டரி கம்பெனின்னு சொன்னிய. நான் வாத்தியார். டாக்டர் நல்லசிவன், விலங்கியல். போன மாசம்தான் ரிட்டயர்டு ஆனேன். இருபத்தொம்பது வருசம் ஒரே காலேஜி, ஒரே ரூம்பு, ஒரே மேசை. எந்தக் காலேஜின்னு கேக்காதிய, சொன்னா இன்னும் வயிறு எரியும். வண்டி இப்போதைக்கு நகராது. எதிர் வண்டி வரணுமாம். நீங்க கேட்டதுனால சொல்லுதேன், நானா யார்ட்டயும் சொல்லுதது கிடையாது.

எங்க தொழில்ல ஒரு முறை இருக்கு. புதுசா ஒரு உசுரைக் கண்டுபிடிச்சா அதுக்குப் பேரு வைக்கலாம். வாயால வச்சாப் போதாது. அதை அளந்து, வரைஞ்சு, கட்டுரையா எழுதி, பத்திரிகையில வரணும். எவன் கட்டுரை முதல்ல வருதோ அவன் வச்ச பேருதான் உலகம் உள்ளவரைக்கும் நிக்கும். ரெண்டாவதா வந்தவன் தலைகீழா நின்னாலும் மாத்த முடியாது. இன்னொண்ணு, தன் பேரைத் தானே வச்சுக்கிடக் கூடாது. சட்டம்னு இல்ல, மரியாதை. அடுத்தவங்க பாத்து வைக்கணும்.

நான் கண்டுபிடிச்ச வருசமே கட்டுரையை எழுதி முடிச்சாச்சு. அப்ப எங்க காலேஜி செயலர் சங்கரபாண்டியன். பிரின்சிபால் நாற்காலி காலியாகப் போற சமயம். நண்டுக்கு அவர் பேரையே வச்சோம்னா மனுசன் குளுந்துருவார்லா? அப்படித்தான் எழுதினேன். இதுல தப்பு என்ன இருக்கு, ராஜா பேரை வைக்காவ, மந்திரி பேரை வைக்காவ. அனுப்பப் போற வாரம் பாத்து நிர்வாகத்துல எலெக்சன் வந்து சங்கரபாண்டியன் தோத்துட்டார். வந்தது அவருக்கு ஆகாத கோஷ்டி, ராஜகோபால்னு ஒருத்தர். ஆகாதவன் பேரை நண்டுக்கு வச்சிட்டு நான் அங்க வேலை பாக்க முடியுமா? பேரை அடிச்சிட்டு ராஜகோபால் பேரை எழுதினேன். அவர் மேல கேஸ் ஆயி, கோர்ட்டு ஒரு ரிட்டயர்டு ஜட்ஜைப் போட்டுச்சு. ஜட்ஜு பேரை வச்சா ரெண்டு கோஷ்டியும் என்னைக் கடிச்சுக் குதறிரும். நிலைமை தெளியட்டும்னு குப்பியை பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டினேன். சாவி என் அரைஞாண்ல கிடக்கும். அப்படியே ஏழு வருசம் போச்சு. இதைச் சோம்பேறித்தனம்னு அந்தப் பிள்ளை சொல்லிச்சாம். அவளுக்கு என்ன தெரியும் நிர்வாகத்தைப் பத்தி?

யாரு அந்தப் பிள்ளையா? இசக்கியம்மாள். டாக்டர் இசக்கியம்மாள்னு சொல்லணும், பட்டம் வாங்கிட்டால்லா. நாலு வருசத்துக்கு முந்தி கௌரவ விரிவுரையாளரா வந்தா. கௌரவம்னு பேருதான், வருசா வருசம் ஜூன் மாசம் புதுசா ஆர்டர் குடுத்தாத்தான் உள்ள வரலாம். அவ அம்மை உப்பளத்துல உப்பு வாருத பொம்பளை. குறை சொல்லல சார், உள்ளதைச் சொல்லுதேன். வந்த புதுசுல ஒருநாள் நானே பெரிய மனசு பண்ணி பீரோவைத் திறந்து காட்டினேன். "ஐயோ, இது எங்கம்மா கொண்டாந்து காட்டுத பொட்டு நண்டுல்லா சார்"ன்னா. எனக்கு முகம் சுண்டிப் போச்சு. பதினோரு நாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடிச்சிருக்கேன், உங்கம்மா காட்டுச்சா?

அதுல இருந்து பிடிச்சா தொந்தரவு. சார், கட்டுரையை முடிச்சிருவோம் சார். சார், ரெண்டு பேருமாச் சேந்து போடுவோம் சார், உங்க பேரு முதல்ல. காலம் வரல்லம்மான்னு சொல்லுவேன். ஒருநாள் ஒரு கட்டுத் தாளைக் கொண்டாந்து மேசையில வச்சிட்டு, "வாசிச்சுப் பாருங்க சார், உங்களுக்குச் சந்தோசமா இருக்கும்"ன்னா. நான் பரிச்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன். அப்படி வைம்மான்னேன். அது மேல வருகைப் பதிவேடு, அது மேல இன்னொண்ணு, போச்சு. மெயிலும் போட்டாளாம். நான் மெயில் பாக்கது இல்ல சார், அட்டெண்டர் பால்துரைதான் அவசரமானதைத் தாள்ல எடுத்துக் குடுப்பான். அவன் இதை அவசரம்னு நினைக்கல்ல.

போன வருசம் ஜனவரி. பொங்கல் லீவு முடிஞ்சு முத நாள். ஸ்டாஃப் ரூம்புல டீ குடிச்சிக்கிட்டு இருக்கேன். பிசிக்ஸ் கோமதிநாயகம் இருக்கானே, வாயில நல்ல சொல்லே வராது, அவன் சொல்லுதான், "என்னவே நல்லசிவம், உம்ம நண்டு நெட்டுல கிடக்குல்லா?"ன்னு. எந்த நண்டுன்னேன். "ரெண்டு பொட்டு வச்ச நண்டு, இசக்கியம்மா போட்டிருக்கு. சும்மாவே படிக்கலாம், காசு கூட கேக்கல்ல"ங்கான். டீயை அப்படியே வச்சிட்டு எந்திரிச்சேன்.

இப்ப அப்படி ஒரு பழக்கம் வந்திருக்கு, உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. பத்திரிகைக்கு அனுப்புத கட்டுரையை, வாரதுக்கு முந்தியே இன்டர்நெட்டுல ஒரு இடத்துல போட்டு வச்சிருதாவ. ஆராய்ச்சி பண்ணவங்க அவங்களாவே போடுதது. பூட்டு கிடையாது, சந்தா கிடையாது. பிரேசில்காரனும் படிக்கலாம், பேட்டரி விக்கவரும் படிக்கலாம். தப்பு கண்டா கீழ எழுதலாம், இவங்க திருத்திக்கிடுவாவளாம். அங்க போட்டுட்டா பேரு வச்சதா ஆயிராது, பத்திரிகையில வந்தாத்தான் செல்லும். ஆனாலும் எல்லாவனும் பாத்திருவான்லா? எனக்கு இது ஆகாது சார். பாடுபட்டவன் எதுக்குச் சும்மா குடுக்கான்? சரக்கு இல்லாததைத்தான் சும்மா குடுப்பான். நான் பதினேழு கட்டுரை எழுதியிருக்கேன், எல்லாம் அச்சுல. வேணும்கிறவன் லைப்ரரிக்குப் போய்த் தேடிப் படிக்கட்டும். யாராவது படிச்சாவளான்னு கேக்கியளா? படிச்சிருப்பாவ. தகுதி உள்ளவன் படிச்சிருப்பான்.

அன்னைக்கு நேராப் போய் பீரோவைத் திறந்து பாத்தேன், குப்பி இருக்கு. இருந்தா என்ன? இத்தனை வருசம் பூட்டி வச்சதை உலகமே பாத்துட்டுல்லா? பிரேசில்ல ஒருத்தன் கொடுக்குப் படம் சரியில்லன்னு எழுதியிருக்கானாம், கோமதிநாயகம் வாசிச்சுக் காட்டுதான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அன்னைக்கே உக்காந்து லெட்டர் எழுதினேன். பிரின்சிபாலுக்கு ஒண்ணு, அவ அனுப்பியிருந்த பத்திரிகைக்கு ஒண்ணு, அந்த இன்டர்நெட்காரனுக்கு ஒண்ணு. மூணு பக்கம், நல்ல இங்கிலீஷ். என் இங்கிலீஷைப் பத்தி யாரும் குறை சொல்ல முடியாது. பட்டப்பகல் கொள்ளைன்னு எழுதினேன். தகுதி இல்லாத தற்காலிக ஊழியர்னு எழுதினேன். இந்த நண்டுக்கும் இந்தப் பெண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதுன்னு எழுதினேன். கடைசியில, இவர் இந்த நண்டுக்குச் சூட்டியுள்ள பெயர் எதுவாயினும் அதை உடனடியாக ரத்து செய்ய வேண்டும்னு எழுதி, கீழ கோடு போட்டுக் கையெழுத்து வச்சேன்.

விசாரணைக் கமிட்டி போட்டாவ. தாவரவியல் ஒருத்தர், வணிகவியல் ஒருத்தர், பி.டி. மாஸ்டர் ஒருத்தர். இசக்கியம்மா வந்து நின்னா. ஓடையில தானே பிடிச்ச நண்டு பன்னெண்டு இருக்கு, குப்பியைத் தொடவே இல்ல, கொச்சியில கூடப்படிச்சவளோட லேப்ல வச்சுச் சோதிச்சதுன்னு கணக்கா எல்லாம் சொன்னா. அப்புறம் என்னைப் பாத்து, "சார், நீங்க அதை வாசிச்சிட்டியளா?"ன்னா.

"திருட்டுச் சாமானை எதுக்கும்மா நான் வாசிக்கணும்?"னேன்.

அவ கமிட்டிக்காரங்களைப் பாத்தா. "நீங்களாவது வாசிச்சியளா சார்?"ன்னா. பி.டி. மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கிட்டு, "சீனியர் சொன்னா ஒரு நியாயம் இருக்கும்லாம்மா"ன்னார்.

"முத பக்கம் மட்டுமாவது வாசிங்க சார். ஒரே ஒரு பக்கம்"னு எங்கிட்ட சொன்னா. குரல் ஒரு மாதிரி ஆயிட்டு அவளுக்கு. தப்பு செஞ்சவங்களுக்கு அப்படித்தான் ஆகும்னு நான் நினைச்சேன். "அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும், நீ கிளம்பு"ன்னேன். அந்த இடத்துல அவ சொல்லியிருக்கலாம்லா சார்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன கல்லா, கேக்காம இருக்க? சொல்லல்ல. கும்பிட்டுட்டுப் போயிட்டா. அழுத்தக்காரி.

பத்திரிகைக்காரன் கட்டுரையை நிறுத்தி வச்சான். தகராறு தீரட்டும்னு எழுதினான். மார்ச்சுல அவளே இன்டர்நெட்டுல இருந்தும் வாபஸ் வாங்கிட்டதா எழுதிக் குடுத்தா. ஜூன்ல ஆர்டர் வரல்ல. நான் ஒண்ணும் சொல்லல்ல சார், ஆர்டர் குடுக்காதேன்னு நான் சொல்லவே இல்ல. பிரின்சிபால் கேட்டார், உங்க அபிப்பிராயம் என்னன்னு. துறையில அமைதி வேணும்னு மட்டும் சொன்னேன்.

அப்புறம் ஆகஸ்ட்டு. கோமதிநாயகம்தான் திரும்ப வந்தான், அந்தச் சவத்துக்கு வேற வேலை கிடையாது. "உம்ம நண்டுக்குப் பேரு வச்சிட்டானுவவே"ங்கான். கடலுக்கு அக்கரையில இருந்து ஒரு ஆராய்ச்சிக் கூட்டம். அவங்க கடக்கரையிலயும் இதே நண்டு இருந்திருக்கு, அவங்களும் வருசக்கணக்காப் பாத்துக்கிட்டு இருந்திருக்காவ. பத்திரிகையில முறையா வந்துட்டு. ஏதோ ஒரு தீவோட பேரை வச்சிருக்காவ. என் நண்டுக்கு, நான் கண்ணால பாக்காத ஒரு தீவு பேரு. இனி அதுதான், எவனும் மாத்த முடியாது. அவங்க கட்டுரையில இசக்கியம்மா எழுதினதையும் சொல்லியிருந்தாவ. இப்படி ஒரு கட்டுரை இருந்தது, ஆட்சேபம் வந்ததால் வாபஸ் ஆகிவிட்டது, அதனால் அதில் உள்ள பெயர் செல்லாதுன்னு ஒரு வரி.

அந்த வரியைப் படிச்சப்பத்தான் சார் எனக்குத் தோணிச்சு, என்ன பேருன்னு பாப்பமேன்னு. அதுவரைக்கும் தோணவே இல்ல. அம்மை பேரை வச்சிருப்பா, இல்ல ஊர் பேரை வச்சிருப்பான்னு இருந்துட்டேன். அட்டெண்டர்ட்ட சொல்லித் திறக்கச் சொன்னேன். வாபஸ் ஆனாலும் அங்க அழிக்க மாட்டாவளாம், மேல சிவப்புல எழுதிட்டு அப்படியே வச்சிருப்பாவளாம். பால்துரை திறந்துட்டு, திரும்பி என்னைப் பாத்தான். "சார், உங்க பேருல்லா போட்டிருக்கு"ன்னான்.

தலைப்புலயே இருந்துச்சு சார். கோமதிநாயகம் ஜனவரியிலயே பாத்திருப்பான், வேணும்னே சொல்லாம இருந்திருக்கான். 'நல்லசிவனி'ன்னு. ஆள் பேரை வைக்கும்போது கடைசியில ஒரு 'இ' சேத்து அப்படித்தான் எழுதுவாவ. கீழ விளக்கம். இந்த நண்டு தனி இனம்னு முதல்ல அறிந்து, பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்த ஆசிரியர் டாக்டர் நல்லசிவனுக்கு மரியாதையாகன்னு. எனக்குப் பிள்ளை கிடையாது சார். நான் போனதுக்கு அப்புறம் என் பேரைச் சொல்ல இந்த ஊர்ல ஒரு தெரு கூட கிடையாது. பால்துரை தண்ணி கொண்டாரேன்னு போனான், நான் பீரோ சாவியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

மறுநாளே அவளைத் தேடிப் போனேன். கடக்கரையில ஒரு இறால் குஞ்சு பொரிக்க இடத்துல வேலை பாக்கா. ரப்பர் பூட்ஸு போட்டுக்கிட்டு, வாளியில தண்ணியை மொண்டு வெளிச்சத்துல பிடிச்சுக் குஞ்சு எண்ணிக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும், வாங்க சார்னா. அதுல ஒரு குறையும் இல்ல.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல்ல?"ன்னேன்.

"தாளாக் குடுத்தேன் சார். மெயில் போட்டேன். எல்லாரும் பாக்கணும்னு நெட்டுல போட்டேன். கமிட்டியில கேட்டேன். இன்னும் எப்படிச் சொல்லணும் சார்?"

"வாயால சொல்ல வேண்டியதுதானே?"

"உங்க பேரை வச்சிருக்கேன், விட்டுருங்கன்னா சார்? லஞ்சம் மாதிரில்லா இருந்திருக்கும்"ன்னா.

சரி, போனது போகட்டும், திரும்பப் பத்திரிகைக்கு அனுப்பு, நான் வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தாரேன்னேன். அவ வாளியைக் கீழ வச்சா. "இனி ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும்லா சார். வேற பேரு விழுந்துட்டு"ன்னா. கோவமாச் சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். வகுப்புல பையனுக்குச் சொல்லிக் குடுக்க மாதிரி சொன்னா. எனக்கு அழுகை வந்துட்டு சார். அறுபது வயசுல, இறால் தொட்டி முன்னால. அவ திரும்பி நின்னுக்கிட்டா.

இன்னும் முடியல்ல, கேளுங்க. அந்தச் சிவப்பு எழுத்துக்குக் கீழ என் லெட்டரையும் போட்டுவச்சிருக்கான் அந்த இன்டர்நெட்காரன். மூணு பக்கமும், ஒரு வரி விடாம. வாபஸ் ஆனா காரணத்தையும் எல்லாரும் பாக்க வைக்கணுமாம், அது அவங்க முறையாம். எடுத்துருங்க ஐயான்னு நாலு தடவை எழுதிட்டேன். இங்க வந்தது எதையும் எடுக்க மாட்டோம், யாரு வேணா எப்ப வேணா இலவசமாப் பாக்கலாம்னு மரியாதையாப் பதில் போடுதான். எங்கயோ ஒரு வாத்தியார் ஆராய்ச்சி ஒழுக்கம் பத்திப் பாடம் எடுக்கும்போது பிள்ளையளுக்கு இதைத்தான் காட்டுதாராம். எத்தனை பேரு படிச்சாவன்னு பக்கத்துலயே நம்பர் ஓடுது. பதினாலாயிரத்துச் சொச்சம். என் பதினேழு கட்டுரையை எல்லாம் சேத்தாலும் பதினாலு பேரு படிச்சிருப்பாவளோ என்னமோ, அந்த லெட்டரை ஊர் உலகமே படிக்கு. என் பேரைத் தேடினா அது ஒண்ணுதான் வருது.

எல்லாம் அவளாலதான். நெட்டுல போடாம இருந்திருந்தா இதெல்லாம் உண்டா? பீரோவுக்குள்ள அது பாட்டுக்குக் கிடந்திருக்கும், நானும் நிம்மதியா ரிட்டயர்டு ஆகியிருப்பேன். அப்படித்தானே சார்? ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய? இப்ப இந்தக் குப்பியைத் திருநெல்வேலியில ஒரு காட்சிசாலைக்குக் குடுக்கப் போறேன். வாங்கிக்கிடுதேன்னுட்டாவ. லேபிள்ல அந்தத் தீவு பேரைத்தான் எழுதுவாவளாம். பிடிச்சவர்னு ஓரத்துல சின்னதா நம்ம பேரு வரும், இடம் இருந்தா.

என்ன, போனை எடுத்துட்டிய? தேடுதியளா? வேண்டாம் சார். நீங்க திறந்தா ஒரு நம்பர் கூடும். கேட்டுக்கிட்டு இருக்கவரு சும்மா இருங்களேன். சார்.

திறந்துட்டியளா.

சரி, திறந்தாச்சு. லெட்டர் கீழதான இருக்கு, அதுக்குப் போகாதிய. மேலயே நில்லுங்க. தலைப்பு தெரியுதா? என் கண்ணாடி பெட்டியில கிடக்கு, எனக்கு இங்க இருந்து தெரியாது. இங்கிலீஷ் எழுத்துதான், எழுத்துக் கூட்டினா வந்துரும். கடைசி வார்த்தையை மட்டும் கொஞ்சம் சத்தமா வாசிங்க.

ம்.

இன்னொரு தடவை வாசிங்க சார்.